லேபிளில் இல்லாத ஹைட்ரோகுவினோன்: ஓர் ஆல்பா ஆர்புடின் சீரம் விதிகளோடு மோதிய கதை

அழகுசாதனப் பொருள் தயாரிப்பவர்கள், அவர்களுக்கு ஆவணம் தயார் செய்பவர்கள், ஆய்வகத்தில் சோதிப்பவர்கள் ஆகியோருக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர், ஆட்களின் பெயர், ஊர் எதுவும் இங்கே வராது. நான் இதில் ஆவணப் பக்கத்தில் இருந்தேன். ஃபார்முலா என்னுடையது அல்ல.

பின்னணி

சிறிய நிறுவனம். உரிமையாளர், ஒரு ஃபார்முலேஷன் கெமிஸ்ட், தரக்கட்டுப்பாட்டுக்கு ஒருவர், மற்றபடி நிரப்புவதற்கும் பேக்கிங்குக்கும் ஆட்கள். அவர்களுடைய சரக்கில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு முகச் சீரம். மங்கு, பரு ஆறிய பிறகு நிற்கும் கறுப்பு, வெயிலில் வந்த திட்டு, இவற்றை மங்கச் செய்யும் என்று விற்பது. ஆல்பா ஆர்புடின் (கறுப்பை மங்கச் செய்யும் பொருள்) 2 சதவீதம், கிளைகாலிக் அமிலம் 5 சதவீதம், பிஎச் 3.6 (இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்), நிறமில்லாத கண்ணாடி பாட்டில், மேலே டிராப்பர். லேபிளின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘ஹைட்ரோகுவினோன் இல்லாதது’ என்று போட்டிருந்தார்கள் (ஹைட்ரோகுவினோன் என்பது தோலை வெளுக்கும் ஒரு ரசாயனம்). இந்த வாசகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

2024 நடுவில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து ஒரு வாங்குபவர் வந்தார். சீரம் வேண்டும், அதே வரிசையில் ஒரு பாடி லோஷனும் வேண்டும், அதிலும் அதே 2 சதவீதம் இருக்கட்டும் என்றார். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் விளம்பரம் எளிது என்பது அவருடைய கணக்கு. கெமிஸ்ட் லோஷனைச் சீக்கிரமே போட்டுவிட்டார்: பிஎச் 5.5, அமிலம் கிடையாது, ஆல்பா ஆர்புடின் 2 சதவீதம், கூடவே பேர்பெர்ரி இலைச் சாறு.

என்னிடம் வந்த கேள்வி ஒரே வரிதான்: “ஐரோப்பாவில் ஆல்பா ஆர்புடினுக்கு அனுமதி உண்டா?” உண்டு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், அதுவும் உண்மைதான். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு பாட்டிலைக்கூட அனுப்ப முடியாது.

விதி என்ன சொல்கிறது

முதலில் ஹைட்ரோகுவினோன். தோலில் மெலனின் உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். ஹைட்ரோகுவினோன் அந்த வேலையைத் தடுக்கும், நிறத்தை உண்டாக்கும் செல்களையும் பாதிக்கும். வருடக்கணக்கில் பூசியவர்களின் முகத்தில், வெளுக்க வேண்டிய இடத்திலேயே நீலங்கலந்த கறுப்புத் திட்டுகள் படிவதை 1975-இல் தென்னாப்பிரிக்காவில் ஃபிண்ட்லேயும் உடன் பணியாற்றியவர்களும் மருத்துவ இதழில் விவரித்தார்கள். ஓக்ரோனோசிஸ் என்று பெயர், எளிதில் போகாது. தென்னாப்பிரிக்கா 1990-இல் அழகுசாதனங்களில் இதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தோல் வெளுப்புப் பயன்பாடு 2001-இலிருந்து இல்லை. செயற்கை நகம் ஒட்டும் தொழில்முறைப் பொருட்களில் 0.02 சதவீதம் என்ற ஒரு சின்ன விதிவிலக்கு மட்டும் மிச்சம். அமெரிக்காவில் 2 சதவீத கிரீம்கள் மருந்துச் சீட்டு இல்லாமலேயே கடையில் கிடைத்துக்கொண்டிருந்தன, 2020-இல் வந்த கேர்ஸ் சட்டம் அதை முடித்துவைத்தது. மருத்துவர் எழுதிக்கொடுத்தால் 4 சதவீதம் வரை இன்றும் கிடைக்கும், அது மருந்து என்ற கணக்கில் வருகிறது.

இப்போது ஆல்பா ஆர்புடின். ஹைட்ரோகுவினோன் மூலக்கூறில் ஒரு குளுக்கோஸைக் கோத்தால் அதுதான். பேர்பெர்ரி இலையிலும் பேரிக்காயிலும் இயற்கையாக இருப்பது பீட்டா ஆர்புடின். ஆல்பா வகையை நொதிகளைக் கொண்டு தயாரிக்கிறார்கள். குளுக்கோஸ் ஒட்டியிருக்கும்வரை ஹைட்ரோகுவினோனின் முரட்டுத்தனம் இல்லை, டைரோசினேஸைத் தடுக்கும் வேலை மட்டும் நடக்கும். அந்தப் பிணைப்பு அறுந்தால் மிஞ்சுவது ஹைட்ரோகுவினோன். இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் இது, ஆனால் தெரிந்திருப்பதும் அதற்குச் சோதனை செய்து பார்ப்பதும் வேறு வேறு.

ஐரோப்பிய அழகுசாதன ஒழுங்குமுறை 1223/2009-இன் மூன்றாம் இணைப்பு, கட்டுப்பாட்டோடு பயன்படுத்த வேண்டிய பொருட்களின் பட்டியல். 2024 ஏப்ரலில் வந்த 2024/996 என்ற திருத்தம் ஆல்பா ஆர்புடினை அதில் சேர்த்தது. முகக் கிரீமில் 2 சதவீதம், பாடி லோஷனில் 0.5 சதவீதம். பீட்டா ஆர்புடினுக்கு முகக் கிரீமில் 7 சதவீதம். கோஜிக் அமிலத்துக்கு (இன்னொரு வெளுப்புப் பொருள்) முகத்துக்கும் கைக்கும் ஆன பொருட்களில் 1 சதவீதம் என்று வரம்பு வைத்ததும் இதே திருத்தம்தான். ஆர்புடின் பதிவுகளில் கூடுதலாக ஒரு நிபந்தனை: ஹைட்ரோகுவினோன் அளவு முடிந்தவரை குறைவாக, தவிர்க்க முடியாத நுண்ணளவைத் தாண்டாமல் இருக்க வேண்டும். விதிக்குப் பொருந்தாத சரக்கை 2025 பிப்ரவரி 1 முதல் புதிதாகச் சந்தையில் இறக்கக் கூடாது. ஏற்கெனவே இறக்கியதை 2025 நவம்பர் 1 முதல் விற்கவும் கூடாது.

அந்த ‘தவிர்க்க முடியாத’ என்ற சொல்தான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

ஃபைலைத் திறந்தபோது தெரிந்தவை

பாதுகாப்பு மதிப்பீட்டாளருக்கு (ஐரோப்பாவில் விற்கும் முன் பொருளின் பாதுகாப்பை ஆராய்ந்து கையெழுத்திடுபவர்) அனுப்பும் முன் ஃபைலைப் புரட்டினால் மூன்று இடத்தில் இடித்தது.

லோஷனில் 2 சதவீதம், நேரடியாகவே வரம்பு மீறல். வாங்குபவருக்கு இது புரியவில்லை. முகத்துக்கு ஆகும், உடம்புக்கு ஆகாதா, முகத்தோல்தானே மென்மை என்று கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் வரம்பு தோலின் மென்மையை வைத்து வந்ததில்லை, ஒரு நாளைக்கு உடம்பில் ஏறும் மொத்த அளவை வைத்து வந்தது. ஐரோப்பிய அறிவியல் குழுவான எஸ்சிசிஎஸ் தன் மதிப்பீடுகளில் ஒருவர் நாளொன்றுக்கு 1.54 கிராம் முகக் கிரீம், 7.82 கிராம் பாடி லோஷன் பூசுகிறார் என்று எடுத்துக்கொள்கிறது. முகத்தில் 2 சதவீதம் என்றால் சுமார் 31 மில்லிகிராம் ஆல்பா ஆர்புடின். உடம்பில் 0.5 சதவீதம் என்றால் சுமார் 39 மில்லிகிராம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன. வாங்குபவர் கேட்டபடி லோஷனிலும் 2 சதவீதம் போட்டால் அது மட்டுமே 156 மில்லிகிராம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அனுப்பியதும் அந்த வாதம் நின்றது. சட்டப் பிரிவு எண்ணை எடுத்துக்காட்டியிருந்தால் நின்றிருக்காது என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது, லோஷனில் இருந்த பேர்பெர்ரி சாறு. அதில் பீட்டா ஆர்புடின் இருக்கிறது, எவ்வளவு என்று சாறு கொடுத்த நிறுவனத்தின் தாளில் இல்லை. இயற்கைச் சாறு என்பதால் கணக்கில் வராது என்று கெமிஸ்ட் நினைத்திருந்தார். மூலக்கூறு இலையிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் உடைந்தால் ஹைட்ரோகுவினோன்தான். அதோடு பீட்டா ஆர்புடினுக்கு விதியில் இருக்கும் இடம் முகக் கிரீம் மட்டும்.

மூன்றாவது விஷயம் மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகவே இருந்தது. ஹைட்ரோகுவினோனுக்கான ஆதாரம் என்று மூலப்பொருள் சான்றிதழை வைத்திருந்தார்கள்: 10 பிபிஎம்முக்குக் கீழ் (ஒரு பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). 2 சதவீதம் பயன்படுத்தும்போது சீரத்தில் அது 0.2 பிபிஎம். அருமையான எண். ஆனால் அது பையைப் பிரித்த அன்றைக்கு உள்ள எண். அந்த ஆல்பா ஆர்புடினை பிஎச் 3.6 உள்ள நீர்க் கரைசலில் போட்டு, 36 மாத ஆயுள் என்று எழுதி, கண்ணாடி பாட்டிலில் கடைக்கு அனுப்பிய பிறகு என்ன ஆகிறது என்பதற்கு ஃபைலில் ஒரு தாளும் இல்லை.

நிலைத்தன்மைச் சோதனை செய்திருந்தார்கள். பிஎச், பாகுத்தன்மை, மணம், நுண்ணுயிர், ஆல்பா ஆர்புடின் அளவு. மூன்று மாதம் 40 டிகிரியில் வைத்த பிறகும் ஆல்பா ஆர்புடின் 98 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது, ஏற்பு வரம்பு 95 முதல் 105 வரை, ஆக பாஸ். நிறம் என்ற இடத்தில் மட்டும் ‘லேசான மாற்றம், ஏற்கத்தக்கது’ என்று ஒரு குறிப்பு.

அங்கேதான் எனக்கு உறுத்தியது. தரக்கட்டுப்பாட்டில் இருந்தவரிடம் பழைய பேட்சின் இருப்பு மாதிரி ஒன்றைக் கேட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் அலமாரியில் இருந்த பாட்டில், வெள்ளைத் தாளின் மேல் புதிய பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். புதியது தண்ணீர். பழையது பால் விடாத தேநீரின் நிறம். டிராப்பர் ரப்பருக்கு அடியில், திரவத்துக்கு மேலே காற்று நிற்கும் இடத்தில், கண்ணாடியை ஒட்டி இன்னும் அடர்த்தியாக ஒரு வளையம்.

ஒரு சின்னக் கணக்கு

ஆல்பா ஆர்புடினின் மூலக்கூறு எடை 272, ஹைட்ரோகுவினோனுடையது 110. 100 கிராம் சீரத்தில் 2 கிராம் ஆல்பா ஆர்புடின் இருக்கிறது. முழுவதும் உடைந்தால் 0.8 கிராம் ஹைட்ரோகுவினோன் வரும். முழுவதும் உடையாது, சரி. நூற்றில் ஒரு பங்கு மட்டும் உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவே 80 பிபிஎம். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 8.

இப்போது நிலைத்தன்மை ரிப்போர்ட்டைத் திரும்பப் பாருங்கள். 98 சதவீதம் நிற்கிறது, பாஸ். அந்தச் சோதனை முறைக்கே ஒன்றிரண்டு சதவீதம் முன்பின் இருக்கும். 80 பிபிஎம் ஹைட்ரோகுவினோன் உண்டானால்கூட ஆல்பா ஆர்புடின் அளவில் அது தெரியவே தெரியாது, முறையின் பிழைக்குள் காணாமல் போய்விடும். மூலப்பொருள் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, உடைந்த பொருள் எவ்வளவு வந்தது என்று ஊகிக்க முடியாது. உடைந்ததை நேரடியாகத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் உரிமையாளர் சோதனைக்கு ஒப்புக்கொண்டார். வெளி லேப், எச்பிஎல்சி முறை (கலவையில் உள்ள பொருட்களைப் பிரித்து அளப்பது). சீரம், லோஷன் இரண்டையும் புதிதாகப் போட்டு 40 டிகிரியில் வைத்து மாதாமாதம் பார்ப்பது, கூடவே அலமாரி மாதிரிகளையும் அனுப்புவது என்று முடிவானது.

சோதனையில் வந்தது

புதிய சீரத்தில் ஹைட்ரோகுவினோன் 1 பிபிஎம்முக்கும் கீழே. முதல் மாதத்தில் தெளிவாகக் கூடியிருந்தது, மூன்றாம் மாதத்தில் இரட்டை இலக்கத்துக்கு வந்துவிட்டது. அறை வெப்பநிலையில் இருந்த பழைய பாட்டிலிலும் இரட்டை இலக்கம்தான், 40 டிகிரி மாதிரியைவிடக் குறைவு, அவ்வளவே. லோஷனில், அதே 2 சதவீதம், அதே பையிலிருந்து எடுத்த ஆல்பா ஆர்புடின், மூன்று மாதமும் கிட்டத்தட்ட நகரவே இல்லை.

கெமிஸ்ட் உடனே ஏற்கவில்லை, அது நல்லதுதான். சோதனைக்குக் கரைக்கும் திரவத்திலேயே அமிலம் இருக்கிறது, ஆர்புடினை லேபே உடைத்துவிட்டு எங்கள் மேல் பழி போடுகிறதா என்று கேட்டார். லேப் சுத்தமான ஆல்பா ஆர்புடினை அதே திரவத்தில் கரைத்து, மாதிரிகள் கருவியில் காத்திருக்கும் நேரத்தைவிட அதிகமாக வைத்து ஓட்டிக் காட்டியது. வரைபடத்தில் ஹைட்ரோகுவினோன் அளவைக் காட்டும் சிகரம் உயரவில்லை. சந்தேகம் தீர்ந்தது.

இன்னொரு விஷயம் முதலில் எங்களைக் குழப்பியது. பாதி நிரப்பிய ஒரு பாட்டில் மட்டும் இரண்டாம் மாதத்தைவிட மூன்றாம் மாதத்தில் குறைந்த ஹைட்ரோகுவினோன் காட்டியது, ஆனால் நிறம் மற்ற பாட்டில்களைவிடக் கறுத்திருந்தது. காற்று அதிகம் உள்ள பாட்டிலில் ஹைட்ரோகுவினோன் ஆக்ஸிஜனோடு சேர்ந்து பென்சோகுவினோனாகவும் பிறகு பழுப்பு நிறப் பொருட்களாகவும் மாறிவிடுகிறது. சோதனை ஹைட்ரோகுவினோனை மட்டும் தேடுவதால் எண் இறங்கியது போலத் தெரிகிறது. பென்சோகுவினோன் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது, ஆகவே இதை நல்ல சேதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. எண் இறங்கியிருந்தால் பாட்டிலின் நிறத்தையும் பாருங்கள்.

காரணத்தில் புதிர் எதுவும் இல்லை. ஆர்புடினில் குளுக்கோஸைப் பிடித்திருக்கும் பிணைப்பு அமிலத்தில் நீராற்பகுப்புக்கு (நீரால் அறுபடுவதற்கு) ஆளாகும், சூடு கூடினால் வேகம் கூடும். பிஎச் 5-ஐ ஒட்டி வைத்தால் நன்றாக நிற்கும். கிளைகாலிக் அமிலம் வேலை செய்ய பிஎச் தாழ்வாக இருக்க வேண்டும், ஆர்புடின் நிற்க அது ஏற வேண்டும். இரண்டையும் ஒரே நீரில் போட்டதுதான் விஷயம். சந்தையில் இந்தக் கூட்டணி சாதாரணமாகக் காணக்கூடியது, வாங்குபவர்களுக்கும் பிடிக்கும், பூசியதும் சுறுசுறு என்று இருப்பதால் வேலை செய்கிறது என்ற எண்ணம் வருகிறது.

ரிப்போர்ட்டுக்குப் பிறகு

மூன்று யோசனைகள் மேசைக்கு வந்தன.

உரிமையாளர் சொன்னது: புதிய பேட்ச் போட்டு, புதிய ரிப்போர்ட்டோடு, 2025 பிப்ரவரி 1-க்கு முன்பே ஒரு கன்சைன்மென்ட்டை அனுப்பிவிடலாம், நவம்பர் வரை விற்க நேரம் இருக்கிறதே. பணம் முடங்கிக் கிடப்பவரின் யோசனை, எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த இரண்டு தேதிகளும் ஆல்பா ஆர்புடினுக்கு வந்த புதிய வரம்புக்கான அவகாசம். ஹைட்ரோகுவினோன் தடை அதற்கு வெகுகாலம் முன்பே வந்தது, அதற்கு அவகாசம் எதுவும் கிடையாது. மேலும் ஐரோப்பாவில் சரக்கை இறக்கும் பொறுப்பு நபர், பொருள் அதன் ஆயுள் முழுவதும் பாதுகாப்பாக இருக்கும் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர். நிரப்பிய அன்றைக்கு எடுத்த ரிப்போர்ட் அவரைக் காப்பாற்றாது.

கெமிஸ்ட் சொன்னது: “கலர்தானே மாறுது, சார். ஆக்ஸிடேஷன்தான். மெட்டாபைசல்ஃபைட் கொஞ்சம் போட்டா நின்னுடும்.” நிறம் நிற்கும், உண்மை. பழுப்பாவது ஆக்ஸிஜனால், அதை மெட்டாபைசல்ஃபைட் தடுக்கும். ஆனால் பிணைப்பு அறுவது நீராலும் அமிலத்தாலும், அதை இது தொடக்கூட தொடாது. ஹைட்ரோகுவினோன் உண்டாகிக்கொண்டேதான் இருக்கும், வெளியே காட்டிக்கொடுக்கும் ஒரே அடையாளமான நிறம் மட்டும் மறைந்துவிடும். மொத்த விவாதத்திலும் என்னைக் கவலைப்பட வைத்தது இதுதான், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு சொன்ன யோசனை, நடைமுறையில் பலரும் செய்வதும்கூட. (ஆர்புடின் சீரம் எதிலாவது இது இருந்தால் தவறு என்று நான் சொல்லவில்லை, பிஎச் சரியாக வைத்துவிட்டு இதையும் போடுவது வேறு சங்கதி.)

மூன்றாவது, தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர் கேட்ட கேள்வி: இதைத் தவிர்க்க முடியாத நுண்ணளவு என்று வாதாட முடியாதா? ஐரோப்பிய ஒழுங்குமுறையின் 17-ஆம் பிரிவு அப்படி ஓர் இடம் தருகிறது. தடை செய்யப்பட்ட பொருள் வேண்டுமென்றே சேர்க்கப்படாமல், மூலப்பொருளின் அசுத்தம், தயாரிப்பு முறை, சேமிப்பு, பேக்கேஜிங் ஆகியவற்றால் சிறிதளவு வந்து, நல்ல தயாரிப்பு முறையைப் பின்பற்றியும் தொழில்நுட்ப ரீதியாகத் தவிர்க்க முடியாததாக இருந்து, பொருளும் பாதுகாப்பாக இருந்தால் அதை ஏற்கலாம். சேமிப்பு என்ற சொல்லும் அதில் இருக்கிறது, ஆகவே நல்ல பிடி கிடைத்தது போலத்தான் தோன்றியது.

மதிப்பீட்டாளர் அதை ஒரே பதிலில் மூடினார். உங்கள் லோஷனில் அதே மூலப்பொருள், அதே சதவீதம், அதே வெப்பநிலை, ஹைட்ரோகுவினோன் கூடவில்லை. பிஎச்சை மாற்றினால் தவிர்க்க முடிகிறது என்று நீங்களே நிரூபித்திருக்கிறீர்கள், பிறகு தவிர்க்க முடியாதது என்று எப்படிச் சொல்வது என்று எழுதியிருந்தார். எங்கள் கையில் இருந்த இரண்டு ரிப்போர்ட்டுகளில் ஒன்றே இன்னொன்றுக்கு எதிர்சாட்சி ஆகிவிட்டது. இதற்குப் பிறகு வாதாட எதுவும் இல்லை.

இடையில் ஆர்புடினையே எடுத்துவிட்டு வேறு ஏதாவது போடலாமா என்றும் பேச்சு வந்தது. டிஆக்ஸிஆர்புடின் வலுவானது என்று கெமிஸ்ட் படித்திருந்தார், ஆனால் அதுவும் ஹைட்ரோகுவினோனை விடுவிக்கக்கூடியது, ஐரோப்பிய ஒன்றியம் 2021-இலேயே தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. கோஜிக் அமிலம் 1 சதவீதம் போடலாம், ஆனால் அது தாமிரத்தைப் பிடிப்பது போலவே இரும்பையும் பிடித்துச் சிவப்பாகும், வெளிச்சத்திலும் காற்றிலும் மஞ்சளாகும். நிறம் மாறும் பிரச்சினையிலிருந்து தப்பி நிறம் மாறும் பிரச்சினைக்கே போவது. விட்டுவிட்டோம்.

எடுத்த முடிவுகள்

சீரத்திலிருந்து கிளைகாலிக் அமிலத்தை முழுவதும் எடுப்பது. சிட்ரேட் பஃபர் வைத்து பிஎச்சை 5-ஐ ஒட்டி நிறுத்துவது. உலோக அயனிகளைக் கட்டிப்போட ஒரு கீலேட்டிங் பொருள். கண்ணாடி டிராப்பருக்குப் பதில் ஒளி புகாத, காற்று உள்ளே போகாத பம்ப் பாட்டில். பம்ப் ஆக்ஸிஜனை மட்டும்தான் தடுக்கும், நீராற்பகுப்பைத் தடுக்காது என்பதை எழுத்திலேயே பதிவு செய்தோம், இல்லாவிட்டால் அடுத்த ஆள் வந்து பம்ப் இருக்கிறதே என்று பிஎச்சை இறக்கிவிடுவார்.

ஆயுளை 36 மாதத்திலிருந்து 18 மாதமாகக் குறைத்தார்கள். ஐரோப்பாவில் ஆயுள் 30 மாதத்துக்கு மேல் என்றால் திறந்த டப்பா குறியீடு (திறந்த பிறகு எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்று காட்டுவது) போதும், அதற்குக் கீழே போனால் தேதியே அச்சிட வேண்டும். உரிமையாளருக்குத் தேதி அச்சிடுவது பிடிக்கவில்லை, கடைக்காரர் கடைசி மூன்று மாதத்தில் சரக்கைத் திருப்பி அனுப்புவார் என்றார். அவர் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனாலும் 36-க்கு ஆதாரம் இல்லை.

லோஷன் 0.5 சதவீதத்துக்கு இறங்கியது, பேர்பெர்ரி சாறு வெளியே போனது. வாங்குபவர் நடுவில் கை கிரீம் ஒன்றும் கேட்டுப் பார்த்தார். ஆல்பா ஆர்புடின் பதிவில் முகக் கிரீமும் பாடி லோஷனும்தான் இருக்கின்றன, கை கிரீம் இல்லை என்பதால் அதைத் தொடவில்லை. சீரம் முகக் கிரீம் என்ற வகைக்குள் வருமா என்பதையும் மதிப்பீட்டாளர் சும்மா விடவில்லை. முகத்தில் பூசி விட்டுவிடும் பொருள், பூசும் அளவும் முகக் கிரீமுக்கு எடுத்துக்கொள்ளும் அளவைத் தாண்டாது என்று ஒரு பக்கத்துக்குக் காரணம் எழுதிச் சேர்க்கச் சொன்னார்.

அப்புறம் அந்த ‘ஹைட்ரோகுவினோன் இல்லாதது’. சோதனை ரிப்போர்ட்டுக்குப் பிறகு அதை வைத்திருக்க முடியாது என்பது ஒரு பக்கம். சுத்தமாக இருந்தாலும் போட முடியாது என்பது இன்னொரு பக்கம்: ஐரோப்பிய விளம்பர வாசக விதிகளின்படி (655/2013) சட்டம் ஏற்கெனவே தடை செய்த ஒன்று இல்லை என்பதைத் தனிச் சிறப்பாகக் காட்டக் கூடாது. எல்லோரும் செய்தே ஆக வேண்டியதை நீங்கள் மட்டும் செய்வதுபோலச் சொல்வதாகிவிடும். நீக்கினார்கள்.

கடைசியாக, ஐரோப்பாவோடு சம்பந்தமில்லாத ஒரு முடிவு, இதற்குத்தான் நேரம் அதிகம் பிடித்தது. உள்ளூர்ச் சந்தையில் ஓடிக்கொண்டிருந்த பழைய சீரத்தை என்ன செய்வது? அங்கே ஐரோப்பிய விதி செல்லாது, விற்பனையும் நன்றாக இருந்தது. நிறம் மாறியதாகச் சில மின்னஞ்சல்களும், எரிச்சல் என்று ஒன்றிரண்டும் வந்திருந்தன, ஆனால் எரிச்சலுக்கு அமிலமே போதுமான காரணம், ஹைட்ரோகுவினோன்தான் என்று சொல்ல ஆதாரம் இல்லை. நான் நிறுத்தச் சொன்னேன். ரிப்போர்ட் கையில் இருக்கும்போது ‘இல்லாதது’ என்று அச்சிட்டு விற்பது எந்த ஊர் விதியிலும் நிற்காது. கூடவே ஜப்பானில் நடந்ததையும் சொன்னேன்: ரோடோடென்ட்ரால் என்ற வெளுப்புப் பொருள் 2008-இல் முறையாக அரசு அனுமதி பெற்று வந்தது, பயன்படுத்திய ஆயிரக்கணக்கானவர்களுக்கு வெள்ளைத் திட்டுகள் வந்த பிறகு 2013-இல் திரும்பப் பெறப்பட்டது. முன்கூட்டியே வந்த புகார்களை வேறு நோய் என்று தள்ளியது அங்கே பெரிய விமர்சனம் ஆனது. உரிமையாளர் சில நாள் எடுத்துக்கொண்டு, கையிருப்பை நிறுத்தினார். கடைகளில் இருந்ததையும் மாற்றிக் கொடுத்தார்.

விளைவு

புதிய சீரம் 40 டிகிரியில் மூன்று மாதம் தாண்டியும் ஹைட்ரோகுவினோன் லேபால் அளவிடக்கூடிய எல்லையை ஒட்டியே நின்றது, நிறமும் மாறவில்லை. மதிப்பீட்டாளர் கையெழுத்திட்டார், அழகுசாதனங்களை அறிவிக்கும் ஐரோப்பியத் தளமான சிபிஎன்பியில் பொறுப்பு நபர் பதிவு செய்தார், 2025 பிற்பகுதியில் முதல் சரக்கு போனது. திட்டமிட்டதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் தாமதம்.

லோஷன் போகவில்லை. 0.5 சதவீதம் விதிப்படி சரி, நிலைத்தன்மையும் சரி, எல்லாம் முடிந்த பிறகு வாங்குபவர் முன்பக்கத்தில் 0.5 என்று போட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று சொல்லிப் பின்வாங்கினார். சதவீதத்தைப் போடாமல் விற்கலாம் என்றதற்கும் சம்மதிக்கவில்லை.

உள்ளூரில் பழைய வாடிக்கையாளர்கள் சிலர் புதிய சீரத்தைக் குறை சொன்னார்கள், பூசினால் சுறுசுறு என்று இல்லையாம், தண்ணீர் கலந்துவிட்டீர்கள் என்று ஒருவர் எழுதினார். விற்பனை கொஞ்சம் இறங்கி, பிறகு பாதி தேறியது. கிளைகாலிக் அமிலத்தைத் தனி டோனராக, இரவு மாற்றி இரவு பூசும்படி கொண்டுவரும் வேலை நடக்கிறது.

அடுத்த முறை மாற வேண்டியவை

சோதனை வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். உடையக்கூடிய பொருள் ஃபார்முலாவில் இருந்தால், முதல் லேப் ஓட்டத்திலேயே 40 டிகிரியில் ஒரு மாதம் வைத்து உடைந்த பொருளைத் தேடிவிட வேண்டும், மணமும் பாகுத்தன்மையும் பிறகு. இந்த நிகழ்வில் அந்த ஒரு மாத எண்ணே போதுமானதாக இருந்தது, மற்ற மாதங்கள் உறுதி செய்ததோடு சரி.

நிறம் என்ற கட்டத்தில் ‘ஏற்கத்தக்கது’ என்று எழுதுவதற்கு முன் எதனால் என்று ஒரு வரி எழுதியாக வேண்டும் என்று நிறுவனம் படிவத்தை மாற்றியிருக்கிறது. தயாரிப்புப் பொருளின் தர அளவுகோலில் ஹைட்ரோகுவினோனுக்குத் தனி வரம்பு வந்திருக்கிறது, பேட்ச் வெளியேறும்போதும், இருப்பு மாதிரியில் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் பார்ப்பார்கள். ஐரோப்பிய விதி அதற்கு எண் எதுவும் கொடுக்கவில்லை; எஸ்சிசிஎஸ் 2015-இல் பீட்டா ஆர்புடினுக்குச் சொன்ன 1 பிபிஎம்மையே உள் வரம்பாக வைத்துக்கொண்டார்கள். கடினமான வரம்புதான், சில பேட்ச் தட்டலாம் என்று கெமிஸ்ட் முணுமுணுக்கிறார்.

பென்சோகுவினோனையும் சேர்த்து அளக்கும் முறைக்கு லேபிடம் விலை கேட்டிருக்கிறார்கள். அது வரும்வரை, பழைய மாதிரிகளின் படத்தை அதே வெள்ளைத் தாளில், அதே வெளிச்சத்தில் எடுத்து ரிப்போர்ட்டோடு சேர்த்து வைக்கிறார்கள்.